பேட்டன்ட் ஆவணத்தைப் படிப்பது எப்படி? சட்டம் படிக்காதவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"மாணவர் கண்டுபிடித்த கருவிக்குக் காப்புரிமை" என்று செய்தி வரும். படம் இருக்கும், கல்லூரி முதல்வரின் பாராட்டு இருக்கும். அந்தக் காப்புரிமை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. விண்ணப்பம் போட்டதும், விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியானதும், காப்புரிமை நிஜமாகவே கிடைத்ததும் நம் ஊரில் ஒன்றுதான்: "பேட்டன்ட் வாங்கியாச்சு." ஆனால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் சில வருடங்கள் ஓடிவிடலாம். முதல் இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யார் மீதும் வழக்குப் போட முடியாது.

பட்டறை வைத்திருப்பவர், பொறியியல் மாணவர், ஏதோ ஒரு நிறுவனம் அனுப்பிய மிரட்டல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வழியில் வரும் சொற்களை வந்த இடத்திலேயே விளக்குகிறேன். அகரவரிசைப் பட்டியல் போட்டால் யாருக்கும் மனதில் நிற்காது. அடிப்படை, நம் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். அதன் கீழ் உள்ள விதிகள் 2024 மார்ச்சில் கணிசமாக மாறின. அதனால் இணையத்தில் கிடக்கும் பழைய கட்டுரைகளில் உள்ள காலக்கெடுக்களை நம்பிவிடாதீர்கள்.

பேட்டன்ட் ஆவணம் நாற்பது பக்கம் இருந்தாலும் அதில் உயிர் இரண்டே இடத்தில்தான்: தேதி, கிளெய்ம் (எது எனக்கு உரியது என்று உரிமை கோரும் வாக்கியங்கள்). மீதியெல்லாம் இந்த இரண்டையும் புரிந்துகொள்வதற்கான துணை.

படி 1: இது பேட்டன்ட் விஷயம்தானா?

பேச்சுக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஹோட்டல் சமையலறையில் தேங்காய் துருவும் மெஷின் இருக்கும். அசந்தால் ஓட்டோடு ஒட்டிய பழுப்புத் தோலும் சேர்ந்து துருவலில் விழும், சட்னியின் நிறம் மாறிவிடும். ஒருவர், துருவும் தலைப்பகுதி (துருவுதலை) ஓட்டைத் தொட்டவுடன் தானாக நின்றுவிடும் மெஷின் செய்கிறார். ஓட்டில் உரசும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் கூடுகிறது. அதை ஒரு சர்க்யூட் கவனித்து மோட்டாரை நிறுத்துகிறது. இதுதான் சங்கதி.

இந்த மெஷினுக்கு வைக்கும் பெயர் டிரேட்மார்க். கண்ணுக்குத் தெரியும் அதன் வடிவம் டிசைன் பதிவு. உள்ளே ஓடும் புரோகிராமின் வரிகள் காப்பிரைட். ஊரோடு ஒட்டிய பெயர் என்றால் புவிசார் குறியீடு. காஞ்சிபுரம் பட்டுக்கு அது இருப்பது எல்லோருக்கும் தெரியும், கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் இருப்பது பலருக்குத் தெரியாது. ஓட்டைத் தொட்டதும் எப்படி நிற்கிறது என்ற தொழில்நுட்பம் மட்டும்தான் பேட்டன்ட் விஷயம்.

பேட்டன்ட் கிடைத்தால் தாராளமாகத் தயாரித்து விற்கலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். சட்டம் தருவது, மற்றவர்கள் உங்கள் அனுமதி இல்லாமல் அதைச் செய்வதை, விற்பதை, இறக்குமதி செய்வதைத் தடுக்கும் அதிகாரம். நீங்கள் மெருகேற்றிய அடிப்படை மெஷினின் மீது இன்னொருவருக்குப் பேட்டன்ட் உயிரோடு இருந்தால், உங்கள் பேட்டன்ட் கையில் இருந்தும் அவரிடம் லைசென்ஸ் வாங்காமல் நீங்கள் ஒரு மெஷின்கூட விற்க முடியாது. அவரும் உங்கள் மேம்பாட்டைத் தொட முடியாது. இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 2: யார் பெயரில் இருக்கிறது?

முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் தனித்தனியாக இருக்கும். கண்டுபிடிப்பாளர் என்பவர் மூளையைச் செலவழித்தவர்; அவர் மனிதராகத்தான் இருக்க முடியும். விண்ணப்பதாரர் என்பவர் உரிமைக்குச் சொந்தக்காரர். நிறுவனமாகவோ கல்லூரியாகவோ இருக்கலாம். கண்டுபிடிப்பாளர் தன் உரிமையை எழுதிக் கொடுத்தால் அதன் பெயர் அசைன்மென்ட். கல்லூரி புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும். கண்டுபிடிப்பாளர் என்று பெயர் வருவதில் பெருமை உண்டு, பணம் இல்லை.

இரண்டு நண்பர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒரு சிக்கல் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இருவருக்கும் சம பங்கு. ஆளுக்கு ஆள் தயாரித்து விற்றுக்கொள்ளலாம், லாபத்தில் மற்றவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் வெளியாளுக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது. நட்பு நன்றாக இருக்கும்போதே இதற்கு ஒரு காகிதம் போட்டுவிடுங்கள்.

படி 3: எண்ணையும் தேதிகளையும் படியுங்கள்

இந்திய விண்ணப்ப எண் 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். 2024-இல் தொடங்கி அடுத்து 41 என்று இருந்தால், முதல் நான்கும் வருடம். ஐந்தாவது இலக்கம் அலுவலகம்: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. ஆறாவது விண்ணப்ப வகை: 1 என்றால் சாதாரண விண்ணப்பம், 7 என்றால் சர்வதேச வழியில் இந்தியாவுக்குள் நுழைந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா எல்லாவற்றுக்கும் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம்தான். யாராவது பன்னிரண்டு இலக்க எண்ணைக் காட்டி "பேட்டன்ட் எண்" என்றால், அது விண்ணப்ப எண் மட்டுமே. கிடைத்த பேட்டன்ட்டுக்குத் தனி எண் உண்டு. அது இதைவிடக் குட்டையானது.

தேதிகள் நான்கு.

தாக்கல் தேதி: இந்தியாவில் விண்ணப்பம் போட்ட நாள் (சர்வதேச வழியில் வந்தது என்றால் சர்வதேச விண்ணப்பம் போட்ட நாள்). இருபது வருட ஆயுள் இங்கிருந்துதான் எண்ணப்படும். பேட்டன்ட் கிடைக்கவே ஐந்து வருடம் ஆனால், தடுக்கும் அதிகாரம் கையில் இருக்கப்போவது பதினைந்து வருடம்.

முன்னுரிமை தேதி: போட்டியில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும் நாள். முதலில் வேறு நாட்டில் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் இந்தியாவில் போட்டால், அந்த வெளிநாட்டு நாள்தான் முன்னுரிமை தேதி. முதலில் ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டிருந்தால், அதில் சொன்ன விஷயத்துக்கு அந்த நாள். இந்த நாளுக்கு முன் உலகத்துக்கு என்ன தெரியும் என்பதை வைத்துத்தான் உங்கள் கண்டுபிடிப்பை எடைபோடுவார்கள்.

வெளியீட்டுத் தேதி: முன்னுரிமை தேதியிலிருந்து 18 மாதம் முடிந்ததும் விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வரும். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது. அவசரம் என்றால் படிவம் 9 போட்டு முன்கூட்டியே வெளியிடச் செய்யலாம். செய்தித்தாள்களில் வரும் "காப்புரிமை" பல இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. வெளியீட்டுக்கு ஒரே ஒரு பலன் உண்டு: பிற்பாடு பேட்டன்ட் கிடைத்தால், இந்த நாளிலிருந்து நடந்த மீறலுக்கும் நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் வழக்குப் போடுவது கிடைத்த பிறகுதான்.

வழங்கிய தேதி: அப்போதுதான் பேட்டன்ட்.

படி 4: புதுசா என்று பாருங்கள்

முன்னுரிமை தேதிக்கு முன் உலகில் எங்கேயாவது வெளியாகியிருக்கும் எதுவும் 'பிரையர் ஆர்ட்'. பழைய பேட்டன்ட், ஆராய்ச்சிக் கட்டுரை, யூட்யூப் வீடியோ, கேட்டலாக், எந்த மொழியானாலும் சரி. நம் தேங்காய் மெஷினைக் கிளெய்மில் உள்ளபடி முழுதாகக் காட்டும் ஜெர்மன் மொழிக் கட்டுரை ஒன்று 1987-இல் வந்திருந்தால் கதை முடிந்தது.

மஞ்சள் விவகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது, 1997-இல் ரத்தானது. நம் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம் எப்படி முதலில் தப்பியது? அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் மக்கள் வாய்வழியாக அறிந்ததும் பயன்படுத்தியதும் கணக்கில் வராது. அச்சில் இருக்க வேண்டும். அதனால் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையையும் ஆவணங்களாகக் கொண்டுபோய் வைத்தது. பாட்டியின் சாட்சி போதவில்லை, காகிதம் தேவைப்பட்டது. பாரம்பரிய அறிவு மின்னூலகம் என்ற பெரிய தரவுத்தளம் அதற்குப் பிறகு வந்தது. நம் சித்த மருத்துவ நூல்களின் மருந்து முறைகளும் அதில் உண்டு. இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே: ஊர்ச் சமூகத்திடம் வாய்வழியாக இருக்கும் அறிவையும் காட்டி எதிர்க்கலாம்.

இனி நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம். பிரையர் ஆர்ட் அடுத்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் மெஷினை நீங்களே வீடியோ எடுத்துப் போட்டாலும், கோவை கொடிசியா கண்காட்சி அரங்கில் கடை போட்டுக் காட்டினாலும், வாடிக்கையாளருக்கு ஒன்றை விற்றாலும், அதற்குப் பிறகு போடும் விண்ணப்பத்துக்கு எதிராக அதுவே நிற்கும். விதிவிலக்குகள் உண்டு: மத்திய அரசு இதற்கென அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தின் முன் படித்த கட்டுரை போன்றவற்றுக்கு 12 மாத அவகாசம். ஆனால் இவை குறுகிய விதிவிலக்குகள். சாதாரண வணிகக் கண்காட்சி இதில் சேராது. அதனால் முதலில் தாக்கல், அப்புறம் விளம்பரம். பார்ட்னரிடமோ அச்சு வார்ப்பவரிடமோ காட்டியே ஆக வேண்டும் என்றால், ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேடுவது இலவசம். இந்திய அலுவலகத்தின் 'இன்பாஸ்' தேடுதளம், ஐரோப்பிய அலுவலகத்தின் 'எஸ்பாஸ்நெட்', 'கூகுள் பேட்டன்ட்ஸ்' மூன்றிலும் பாருங்கள். பொருளின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். பேட்டன்ட் எழுதுபவர்கள் தேங்காய்த் துருவியை "கொட்டையின் பருப்பைப் பிரிக்கும் சாதனம்" என்று எழுதியிருப்பார்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஒரு பேட்டன்ட் கிடைத்தால், அதன் வகைப்பாட்டு எண்ணை எடுத்து அதே எண்ணில் மற்றவற்றைத் தேடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

படி 5: புதுசாக இருந்தால் மட்டும் போதாது

புதுமைத் தாள் பாஸ் ஆன பிறகு வருவது 'இன்வென்டிவ் ஸ்டெப்'. அந்தத் துறையில் வேலை தெரிந்த ஒருவருக்கு இது பளிச்சென்று தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால் பேட்டன்ட் இல்லை. அந்த 'வேலை தெரிந்தவர்' சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள். துறையில் வெளியான எல்லாவற்றையும் படித்தவர், கைவேலை தெரிந்தவர், ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் பொறி இல்லாதவர்.

1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பித்தளைப் பாத்திர வழக்கைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மிர்சாபூரில் பாத்திரம் செய்யும் ஒரு நிறுவனம், லேத்தில் பாத்திரத்தைக் கடையும்போது அது நழுவிப் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தது. பழைய முறையில் பாத்திரம் தெறித்து ஆளுக்குக் காயம் ஏற்படும் ஆபத்து இருந்தது. புது முறையில் வேகமும் பாதுகாப்பும் கூடின. ஆனாலும் நீதிமன்றம் பேட்டன்ட்டை ஏற்கவில்லை. டெயில்ஸ்டாக்கிலிருந்து (லேத்தின் பின்முனைத் தாங்கி) ஸ்பிண்டிலால் அழுத்திப் பிடிப்பது லேத் வேலைக்காரர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம், அதைக் கொஞ்சம் மாற்றியது வெறும் பட்டறை மேம்பாடு என்றது. பயன் இருப்பது ஒன்று, இன்வென்டிவ் ஸ்டெப் இருப்பது வேறொன்று.

நம் துருவிக்கு இது நேரடியாகப் பொருந்தும். சுமை கூடினால் கரண்ட் கூடும் என்பது எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும். அதிகக் கரண்டில் மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் பழசு. அப்படியானால் பேட்டன்ட் எங்கே? தேங்காயின் ஈரப்பதமும் முற்றலும் மாறுவதால் வரும் கரண்ட் ஏற்ற இறக்கத்தையும், ஓடு தொட்டதால் வரும் ஏற்றத்தையும் அந்த சர்க்யூட் எப்படியாவது பிரித்தறிகிறது என்றால், வாதாட இடம் இருக்கிறது. விண்ணப்பம் எழுதும்போது அந்த இடத்தைத்தான் விரிவாக எழுத வேண்டும். துருவுதலையின் எஃகு பற்றி மூன்று பக்கம் எழுதிப் பயனில்லை.

மூன்றாவது, தொழிலில் பயன்படும்படி இருக்க வேண்டும். இதில் அநேகமாக யாரும் தோற்பதில்லை.

பிறகு சட்டத்தின் பிரிவு 3. இவையெல்லாம் எவ்வளவு புதுசானாலும் கண்டுபிடிப்பு ஆகாது என்று ஒரு பட்டியல்: வேளாண் முறை, நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறை, வணிக முறை, கணித முறை, புரோகிராம் என்ற அளவில் மட்டும் நிற்கும் கணினி நிரல், பாரம்பரிய அறிவு, இரண்டு பொருளைக் கலந்ததைத் தவிர வேறு எதுவும் நடக்காத கலவை. மொபைல் ஆப் யோசனையோடு வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்பார்கள். நிரல் ஒரு கருவியின் செயல்பாட்டையே தொழில்நுட்ப ரீதியாக மாற்றினால் நிலைமை வேறு.

இந்தப் பட்டியலில் உலகப் புகழ் பெற்றது பிரிவு 3(டி). தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்கு, குணம் கணிசமாகக் கூடினால் ஒழிய பேட்டன்ட் கிடையாது. நோவார்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் ஒரு படிக வடிவத்துக்கு 1998-இல் விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில்தான். புற்றுநோயாளிகள் உதவி அமைப்பு ஒன்றும் மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006-இல் சென்னையில் நிராகரிப்பு. இந்தப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கு 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மருந்தில் 'குணம்' என்றால் நோயைக் குணமாக்கும் திறன். நன்றாகக் கரைகிறது, கெடாமல் இருக்கிறது என்பதெல்லாம் போதாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

படி 6: கிளெய்மைப் படியுங்கள், மெதுவாக

ஆவணத்தின் கடைசியில் எண் போட்ட வாக்கியங்கள் இருக்கும். அவைதான் கிளெய்ம்கள். நிலப் பத்திரத்தில் பாட்டன் காலக் கதையெல்லாம் இருந்தாலும் உங்கள் நிலம் எது என்பதைச் செக்குபந்திதான் சொல்லும். இங்கே அந்த வேலையைச் செய்வது கிளெய்ம். முன்னால் உள்ள விளக்கம், படங்கள், இந்தக் கிளெய்ம்கள் எல்லாம் சேர்ந்தது 'ஸ்பெசிஃபிகேஷன்'. துறை தெரிந்தவர் அதைப் படித்து மெஷினைச் செய்துவிட வேண்டும், மறைக்கக் கூடாது. அரைப் பக்கச் சுருக்கம் தேடுபவர்களின் வசதிக்கு. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு "என் பொருளும் இதில் வருகிறதே" என்று பயப்படுபவர்கள் ஏராளம்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். புரிவதற்காக நம் துருவியின் கிளெய்மைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்:

"1. தேங்காய் துருவும் கருவி. அது பின்வருவனவற்றைக் கொண்டது: மோட்டாரால் சுழலும் துருவுதலை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார். மின்னோட்டம் ஏறும் வேகம் குறித்த வரம்பைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும் கட்டுப்பாட்டுச் சுற்று.

2. கிளெய்ம் 1-இல் கூறிய கருவி. அதில் அந்த வரம்பைப் பயனர் மாற்றிக்கொள்ளத் திருகு ஒன்று உண்டு."

முதலாவது சுதந்திர கிளெய்ம், தன் காலில் நிற்பது. இரண்டாவது சார்பு கிளெய்ம். முதலாவதில் உள்ள எல்லாமும் இதிலும் உண்டு, கூடவே திருகு. நாளைக்கு யாராவது பிரையர் ஆர்ட் காட்டி முதலாவதை உடைத்தாலும் இரண்டாவது தப்பலாம். அதற்காகத்தான் அடுக்கடுக்காக எழுதுகிறார்கள்.

மீறல் நடந்ததா என்று பார்க்க, கிளெய்மை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எதிராளியின் மெஷினோடு ஒப்பிட வேண்டும். துருவுதலை இருக்கிறதா? கரண்ட் சென்சார் இருக்கிறதா? ஏறும் வேகத்தைப் பார்த்து நிறுத்தும் சுற்று இருக்கிறதா? மூன்றும் இருந்தால் மீறல். கூடவே விளக்கும் சக்கரமும் பொருத்தியிருந்தாலும் தப்ப முடியாது. ஒன்று இல்லாவிட்டால் பொதுவாக மீறல் இல்லை. எதிராளி கரண்ட் சென்சாருக்குப் பதிலாக அதிர்வு சென்சார் வைத்தால்? கிளெய்மின் எழுத்துக்கு வெளியே போய்விட்டார். சாரம் ஒன்றுதானே என்று வாதாடலாம், ஆனால் அது மேட்டில் ஏறுவது போன்ற வேலை. இதைத் தவிர்க்க "ஓட்டைத் தொட்டதை உணரும் சாதனம்" என்று அகலமாக எழுதினால், பிரையர் ஆர்ட் இடிக்கும் வாய்ப்பு கூடும். சொல் குறையக் குறைய எல்லை விரியும், கூடவே ஆபத்தும். பேட்டன்ட் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்துக்குத்தான். நான் பார்த்தவரை கிளெய்மில் தேவையில்லாத ஒரு நட்டு போல்ட்டைச் சேர்த்து எழுதி, போட்டியாளருக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

இந்த உறுப்பு ஒப்பீடு எவ்வளவு பெரிய சண்டையாக மாறும் என்பதற்கு பஜாஜ் - டி.வி.எஸ். வழக்கு சாட்சி. சிறிய எஞ்சின் சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் தொழில்நுட்பத்துக்கு பஜாஜிடம் பேட்டன்ட் இருந்தது. 2007-இல் டி.வி.எஸ். தன் ஃபிளேம் பைக்கைக் கொண்டுவந்தபோது, அதிலும் இரண்டு பிளக். ஆனால் வால்வு மூன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம், விற்கலாம், ஆனால் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, இத்தகைய வழக்குகளைச் சீக்கிரம் முடிக்கவும் அறிவுறுத்தியது. 2019-இல் இரு தரப்பும் சமரசம் ஆகின. பேட்டன்ட் செல்லுமா, மீறல் நடந்ததா என்பதற்கு இறுதித் தீர்ப்பு வரவே இல்லை.

அந்த வழக்கில் இன்னொரு சொல்லும் உண்டு: ஆதாரமற்ற மிரட்டல். பேட்டன்ட் வைத்திருப்பவர் காரணமில்லாமல் "வழக்குப் போடுவேன்" என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே முதலில் நீதிமன்றம் போகலாம். டி.வி.எஸ். அதைத்தான் செய்தது. நோட்டீஸ் வந்தவுடன் பயந்து உற்பத்தியை நிறுத்துவதற்கு முன், அதில் சொன்ன எண்ணை எடுத்து, வழங்கப்பட்டதா, உயிரோடு இருக்கிறதா, முதல் கிளெய்மின் எல்லா உறுப்பும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 7: விண்ணப்பம் போகும் பாதை

யோசனை தெளிவாகிவிட்டது, சோதனை பாக்கி என்றால் ப்ரொவிஷனல் போட்டுத் தேதியைப் பிடிக்கலாம். 12 மாதத்துக்குள் கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன் போடாவிட்டால் அது காலாவதி. ப்ரொவிஷனலில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. ஒரு பக்கம் கிறுக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனத்துக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் ₹1,600. அது 30 பக்கம், 10 கிளெய்ம் வரை. மற்றவர்களுக்கு ₹8,000. விண்ணப்பம் போட்டதாலேயே யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். படிவம் 18-இல் தனியாகக் கேட்க வேண்டும், ₹1,600 கட்டும் பிரிவினருக்கு அதற்குக் கட்டணம் ₹4,000. 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு முன்னுரிமை தேதியிலிருந்து 31 மாதம். முன்பு 48 ஆக இருந்தது. தவறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள். ஸ்டார்ட்அப்கள், சிறு நிறுவனங்கள், பெண் விண்ணப்பதாரர்கள் கூடுதல் கட்டணம் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.

பரிசோதகர் ஆட்சேபங்களைப் பட்டியலிட்டு அனுப்புவது எஃப்.இ.ஆர்., அதாவது முதல் பரிசோதனை அறிக்கை. இது வந்ததும் பலர் இடிந்துபோகிறார்கள். ஆட்சேபமே இல்லாமல் வருவதுதான் அபூர்வம். ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விளக்கம் சொல்லலாம், கிளெய்மைச் சுருக்கலாம். புதிய விஷயத்தைச் சேர்க்க முடியாது. பிறகு தேவைப்பட்டால் ஹியரிங், இப்போது வீடியோ வழியில். காப்புரிமை அலுவலக அதிகாரியான கன்ட்ரோலர் முடிவெடுப்பார்.

வெளிநாடு: உலகப் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். பி.சி.டி. (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்பது ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளுக்கும் இடம் பிடித்துவைக்கும் வழி. அந்தந்த நாட்டில் தனித்தனியாக நுழைந்து, பணம் கட்டி, பரிசோதனையைத் தாண்ட வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் நேராக வெளிநாட்டில் போடவும் கூடாது. இங்கே போட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்க வேண்டும்.

படி 8: எதிர்ப்பும் கட்டாய உரிமமும்

விண்ணப்பம் வெளியான பிறகு, வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கியது இதழில் வந்து ஒரு வருடத்துக்குள் என்றால், அதில் அக்கறை உள்ளவர் மட்டும் எதிர்க்கலாம். அதன் பிறகு ரத்து கோருவது உயர் நீதிமன்றத்தில். முன்பு இதற்கு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் இருந்தது, 2021-இல் கலைத்துவிட்டார்கள்.

கட்டாய உரிமம் அபூர்வமான ஆயுதம். வழங்கி மூன்று வருடம் ஆன பிறகு, மக்களுக்கு நியாயமான விலையில் கிடைக்கவில்லை, போதிய அளவு கிடைக்கவில்லை, இந்தியாவில் பயன்பாட்டுக்கே வரவில்லை என்று காட்டினால், பேட்டன்ட் உரிமையாளரின் விருப்பத்தை மீறி இன்னொருவருக்கு உரிமம் தரலாம். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் இப்படி உரிமம் பெற்றது. மாதத்துக்குச் சுமார் ₹2,80,000 ஆன மருந்தை ₹8,880-க்கு விற்க வேண்டும், பேயருக்கு ராயல்டியும் தர வேண்டும் என்பது நிபந்தனை.

படி 9: உயிரோடு இருக்கிறதா?

பேட்டன்ட் தானாக இருபது வருடம் ஓடாது. மூன்றாம் வருடத்திலிருந்து ஆண்டுதோறும் ரினியூவல் கட்ட வேண்டும். தனிநபருக்கு முதலில் வருடம் ₹800, பின்னால் ஏறி ஏறிக் கடைசி ஐந்து வருடங்களில் ₹8,000. வழங்குவதற்கே ஆறு வருடம் ஆகியிருந்தால், பாக்கி வருடங்களுக்குச் சேர்த்துப் பதிவேட்டில் ஏறியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை அபராதத்தோடு அவகாசம். அதுவும் போனால் காலாவதி. 18 மாதத்துக்குள், வேண்டுமென்றே விட்டதில்லை என்று காட்டினால் மீட்கலாம். நடுவில் அதை நம்பித் தயாரித்தவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. யாராவது லைசென்ஸ் விற்க வந்தால், இன்பாஸில் அந்த எண்ணைப் போட்டு மின்-பதிவேட்டைத் திறந்தால் ரினியூவல் எந்த வருடம் வரை கட்டியிருக்கிறது என்று தெரியும். கட்டாமல் காலாவதியாகி, மீட்கும் கெடுவும் தாண்டிய பேட்டன்ட் பொதுச் சொத்து. அதில் உள்ள படங்களையும் அளவுகளையும் பார்த்து நீங்களே செய்து விற்கலாம், யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். செய்யும் முன், அதே உரிமையாளர் பெயரில் அதன் மேம்பாட்டுக்கு வேறொரு பேட்டன்ட் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தேடல் போட்டுவிடுங்கள்.